மூச்சும் பேச்சும்

பதினைந்து வருஷத்துக்கு முன் வாரப் பத்திரிகை ஒன்றில் வந்த என் தொடர்கதையில் ஓர் ஏட்டையா உண்டு. பிடிபட்டவன் குப்புறக் கிடக்கிறான். முதுகின்மேல் ஏட்டையாவின் முழங்கால். "மூச்சு முட்டுதுங்க ஐயா" என்கிறான். "முட்டினா பேச்சு எப்படிடா வருது?" என்கிறார் அவர். அந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி இந்த ஒரு வரியைப் புகழ்ந்தவை. எனக்கும் உள்ளூரப் பெருமைதான், மறைப்பானேன்?

அந்தப் பெருமையில் மண் விழுந்தது 2021 ஏப்ரல் 8-ஆம் தேதி இரவு. அமெரிக்காவில் மின்னியாபொலிஸ் நகரத்துக் கோர்ட்டில் நடந்த விசாரணையைச் சாப்பிட்டபடியே டெலிவிஷனில் பார்த்துக்கொண்டிருந்தேன். 2020 மே 25-ஆம் தேதி ஜார்ஜ் ஃப்ளாய்டு என்ற கறுப்பர், டெரெக் ஷாவின் என்ற போலீஸ்காரரின் முழங்காலுக்கு அடியில் செத்துப்போன வழக்கு. போலீஸார் முதலில் வெளியிட்ட அறிக்கையில் முழங்காலைப் பற்றிப் பேச்சே கிடையாது. விலங்கு மாட்டிய பிறகு ஆளுக்கு உடம்பு சரியில்லை போலத் தெரிந்தது, ஆஸ்பத்திரியில் இறந்தார் என்று முடித்திருந்தார்கள். நடைபாதையில் நின்ற 17 வயதுப் பெண் ஒருத்தி கைப்பேசியில் படம் பிடித்திராவிட்டால் அதுவே சரித்திரமாகியிருக்கும்.

அன்று கூண்டில் ஏறியவர் மார்ட்டின் டோபின். அயர்லாந்தில் பிறந்து சிகாகோப் பக்கம் வேலை பார்க்கும் நுரையீரல் வைத்தியர். பணம் வாங்காமல் சாட்சி சொல்ல வந்தவர். குரலை உயர்த்தவே இல்லை. பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி, ஜூரிகளைத் தங்கள் கழுத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட வேண்டிய கட்டாயமில்லை என்று நீதிபதி நினைவூட்டினார். நான் தொட்டுப் பார்த்தேன், சோற்றுக்கையை விட்டு மற்றக் கையால்.

படத்தை அவர் நூற்றுக்கணக்கான தடவை பார்த்திருக்கிறார். ஷாவினின் பூட்ஸ் நுனி தரையை விட்டு எழும்பியிருந்த ஒரு நொடியைக் காட்டினார். தரை தாங்க வேண்டிய பாரம் கழுத்தில் இறங்கியதற்கு அதுவே அத்தாட்சி. போதை மருந்தைக் காரணம் காட்டியது எதிர்த்தரப்பு. ஃபென்டானில் மூச்சின் வேகத்தைத் தணித்துவிடும். நிமிஷத்துக்குப் பத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். இவர் மூச்சை எண்ணிக் காட்டினார். கணக்கு 22. முழங்கால் இருந்தது 9 நிமிஷம் 29 விநாடி. அதில் கடைசி 3 நிமிஷம் 2 விநாடி, உடம்பில் பிராணவாயு அடியோடு தீர்ந்த பிறகு.

அப்புறம்தான் என் வரி வந்தது. பேசுகிறவனுக்கு மூச்சு இருக்கிறது என்பது அந்தக் கணத்துக்கு மெய்தான். ஐந்து விநாடி கழித்தும் இருக்கும் என்பதற்கு அதில் உத்தரவாதம் இல்லை, அதை நம்புவது ஆபத்து என்றார் டோபின். பேசுவதற்கு ஏகப்பட்ட பிராணவாயு வேண்டுமே என்று ஷாவினும் அங்கே சொல்லியிருக்கிறார். எனக்குச் சாதம் இறங்கவில்லை.

நிபுணர்களெல்லாம் டோபின் அல்ல. மேரிலாந்து மாகாணத்தின் முன்னாள் தலைமைச் சவப் பரிசோதகர் எதிர்த்தரப்புக்கு வந்து, இருதயக் கோளாறு, கார்ப் புகை என்றார். ஜூரிகள் அதை ஏற்கவில்லை. ஏப்ரல் 20-ஆம் தேதி ஷாவினைக் குற்றவாளி என்றார்கள். அந்தப் பரிசோதகர் காலத்தில் போலீஸ் பிடியில் நேர்ந்த 87 மரணங்களை வேறு நிபுணர்கள் மறுபடி ஆராய்ந்தார்கள். அவற்றில் 36 பிறர் கையால் நேர்ந்தவை என்று 2025-இல் ஒருமனதாக முடிவு வந்தது.

சென்ற மாதம் ஒரு கல்யாணத்தில் முன்பின் தெரியாத ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஏட்டையா வரியை ஒப்பித்தார். "எப்படி ஸார் உங்களுக்கு இதெல்லாம் தோணுது?" என்று கேட்டார்.

எனக்குத் தோன்றியதே இல்லை அது. ஒரு டீக்கடை பெஞ்சில் நிஜ ஏட்டு ஒருவர் நண்பரிடம் சொல்லிச் சிரித்ததைக் காதில் வாங்கி, வீட்டுக்கு வந்ததும் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன். குப்புறக் கிடந்தவன் அப்புறம் என்ன ஆனான் என்று அவரைக் கேட்கவில்லை.