டிரிப்பரைக் கழற்றச் சொன்னார்கள்

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து அம்மா வீட்டில் விளக்கு எரிவதே அதிசயமாகிவிட்டது. வெயில் அடித்தால் ஒரு குறையும் இல்லை. சுவர் நனைந்ததும் பெட்டியில் 'டப்'பென்று டிரிப்பர் விழும். தூக்கிவிட்டால் மறுபடி விழும். விளக்குக்கான சின்ன டிரிப்பரை இறக்கிவைத்தால் மின்விசிறி மட்டும் ஓடும். தெருப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் மாலையில் படிக்க வருவது அந்த வீட்டு முன்னறையில்தான். இரண்டு வாரமாக அவர்களை ஏழு மணிக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம்.

முதலில் வந்த ஒயர்மேன் ஒரு பெட்டியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. "டிரிப்பர்தாங்க வீக்கு. கழட்டிட்டு டைரக்டா குடுத்திடுறேன், அப்புறம் தொந்தரவே இருக்காது" என்றார். அப்பாவுக்கும் அது நியாயமாகவே பட்டது. சத்தம் போடுகிறவர்தான் பிரச்சினை என்று முடிவு கட்டும் பழக்கம் நமக்கு ஒன்றும் புதிதில்லையே தோழர்களே. நான் வேண்டாமென்று சொல்லி அவரை அனுப்பிவிட்டு, ஐ.டி.ஐ. முடித்த எங்கள் தெருத் தம்பி ஒருவனைக் கூப்பிட்டேன்.

அவன் முதலில் கேட்டது, "எது விழுதுக்கா, பெருசா சின்னதா?" என்பதுதான். அதிலேயே பாதி விஷயம் இருக்கிறது. சின்னது எம்.சி.பி. ஒயரில் அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினாலோ ஷார்ட் ஆனாலோ விழும். எங்கள் வீட்டு விளக்கு லைனில் இருப்பது 6 ஆம்பியர். வீட்டில் இருப்பதோ 9 வாட் எல்.இ.டி. பல்புகள் ஐந்து. எல்லாம் சேர்ந்தும் கால் ஆம்பியர்கூட வராது. ஆக, 'லோடு ஜாஸ்தி' என்ற பேச்சுக்கே இடமில்லை. விழுந்தது பெரியது, ஆர்.சி.சி.பி. அது பார்ப்பது வேறு கணக்கு: பேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா? 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, எங்கோ மண்ணுக்கோ மனிதருக்கோ கசிகிறது என்று நொடிக்கும் குறைவான நேரத்தில் துண்டித்துவிடும். ஓர் ஆளைக் கொல்ல ஒரு ஆம்பியர் தேவையில்லை. 100 மில்லி ஆம்பியர் நெஞ்சு வழியாகப் போனாலே போதும். அந்த அளவுக்கு 6 ஆம்பியர் எம்.சி.பி. அசையவே அசையாது. டைரக்டாகக் கொடுத்திருந்தால் எங்களுக்கு மிஞ்சியிருப்பது அந்த எம்.சி.பி. மட்டும்தான்.

அன்று மாலையும் மழை. தம்பி எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டுப் பெரியதைத் தூக்கினான், நின்றது. (அப்போதும் விழுந்திருந்தால் நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறதென்று சந்தேகப்பட வேண்டும். சாதாரண எம்.சி.பி. பேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் அப்படியே இருக்கும்.) பிறகு ஒவ்வொன்றாக ஏற்றினான். மின்விசிறி லைன், பிளக் லைன் இரண்டும் நின்றன. விளக்கு லைனை ஏற்றியதும் விழுந்தது. வீட்டிலுள்ள விளக்கு சுவிட்சுகள் அத்தனையும் அணைந்திருந்தன என்பதுதான் புதிர். எரியாத விளக்கிலிருந்து எப்படிக் கசியும்?

மெயினை அணைத்துவிட்டு, நடுவறை ஜங்ஷன் பெட்டியில் பின்கட்டுக்குப் போகும் ஒயர்களைப் பிரித்து டேப் சுற்றினான். மறுபடி ஏற்றினால் முன்னறை விளக்குகள் ஜம்மென்று எரிந்தன. பிள்ளைகள் அன்றைக்கு ஒன்பது மணி வரை படித்தார்கள். கோளாறு பின்கட்டில் என்பது உறுதியாயிற்று.

அந்த வீட்டுக்கு ஒரே நாளில் ஒயரிங் செய்யப்படவில்லை. அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு அது. கையில் காசு வந்தபோதெல்லாம் ஓர் அறை, ஒரு விளக்கு என்று கிடைத்த ஆளை வைத்து ஒட்டுப்போட்டது. பின்கட்டு விளக்கும் அப்படி வந்ததுதான். மறுநாள் நல்ல வெயில். இணைப்பைத் திரும்பக் கொடுத்து, அந்த விளக்கின் சுவிட்சை அணைத்துவிட்டு ஹோல்டரில் டெஸ்டர் வைத்தான். பளிச்சென்று எரிந்தது. சுவிட்சைப் பேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருக்கிறார்கள். விளக்கு அணையும், ஆனால் ஹோல்டர் வரைக்கும் கரண்ட் எப்போதும் நின்றுகொண்டே இருக்கும். பல்பை மாற்ற ஸ்டூலில் ஏறுகிறவர் சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில்தானே ஏறுகிறார்?

மெயினை அணைத்துவிட்டு விளக்கு மாட்டிய இரும்புத் தாங்கியைக் கழற்றினான். உள்ளே ஒயர் உரசி உரசித் தோல் கிழிந்து, செம்பு தெரிந்தது. காய்ந்திருக்கும்போது தாங்கியைத் தொடாது. மழைநீர் இறங்கினால் தொடும். அந்தத் தாங்கியில்தான் அம்மா துணி காயப்போடும் கொடிக் கம்பியைக் கட்டியிருந்தார். கம்பியின் மறுமுனை மண்ணில் நட்ட இரும்புக் குழாயில். ஒவ்வொரு மழைக்கும் கரண்ட் அந்தக் கம்பி வழியாக மண்ணுக்குப் போகப் பார்த்திருக்கிறது, ஒவ்வொரு முறையும் டிரிப்பர் துண்டித்திருக்கிறது. தூறல் போட்டதும் அம்மா வெறுங்காலோடு ஓடிப்போய் எடுப்பது அந்தக் கம்பியில் கிடக்கும் துணிகளைத்தான். அப்பா கழற்றிய தாங்கியைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி ஒயரைப் புதிதாக இழுத்து, சுவிட்சைப் பேஸுக்கு மாற்றினான். இரும்புத் தாங்கிக்குப் பதில் பிளாஸ்டிக் ஹோல்டர். மெக்கர் கொண்டுவந்து 500 வோல்ட்டில் விளக்கு லைன் முழுவதையும் சோதித்தான். 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் அந்த லைனை நம்பக் கூடாதாம். எங்களுக்கு அதைவிடப் பல மடங்கு வந்தது. கடைசியாக ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் 'டி' பட்டனை அமுக்கிக் காட்டினான், உடனே விழுந்தது. "மாசம் ஒருக்கா அமுக்கிப் பாருங்க பெரியம்மா, விழலைன்னாதான் பயப்படணும்" என்று அம்மாவிடம் சொன்னான்.

அம்மா நைலான் கயிறு வாங்கி வேப்பமரத்துக்கும் மரக்கம்பத்துக்கும் இடையில் கட்டிக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை, படிக்க வரும் பிள்ளைகளையே கூட்டிக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். இன்னும் மூன்று வீடுகளில் கொடிக் கம்பி விளக்குத் தாங்கியில்தான் கட்டியிருந்தது. அதில் இரண்டு வீடுகளில் ஆர்.சி.சி.பி.யே இல்லை. கம்பிகளை அன்றே அவிழ்த்துவிட்டோம். ஆர்.சி.சி.பி. வாங்க அந்த இரண்டு வீடுகளுக்கும் இப்போது தெருவில் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.