துப்பினால் கணக்கில்லை!

அப்பாவின் குடியால் வீடு பட்ட பாட்டில், 'குடிக்க மாட்டேன்' என்று அம்மாவிடம் சத்தியம் செய்தவன் நான். என்னைப் போய், கலிஃபோர்னியாவில் அமடோர் கவுன்ட்டி ஒயின் தோட்டத்துக்கு இழுத்துப் போனான் மச்சான்.

"வாயில் வெச்சு ருசி பார்த்துட்டுத் துப்பிடுங்க மாப்ளே" என்று வாளியைக் காட்டினான். பி.காம். மூளை கணக்குப் போட்டது. வரவு, உடனே செலவு, கையிருப்பு பூஜ்யம். சத்தியம் பத்திரம்!

முதலில் சாஞ்சோவேசே. இத்தாலியின் கியாந்தி ஒயினுக்கு இந்தத் திராட்சைதான் பிரதானம். நாவற்பழம் மாதிரி நாக்கை இறுக்கியது. துப்பினேன்.

அடுத்து பார்பேரா. வடக்கு இத்தாலித் திராட்சை. வெயில் கொளுத்தினாலும் புளிப்பை விடாது. அதனாலேயே கலிஃபோர்னியாவில் மலிவு ஒயினுக்கென்று ஒரு காலத்தில் ஏக்கர் ஏக்கராக நட்டார்கள். அடடா, அந்தப் புளிப்பு! வாளியைத் தேடுவதற்குள் தொண்டையைத் தாண்டிவிட்டது. (தேடினேனா என்று கேட்காதீர்கள்.)

ராத்திரி அம்மா போனில், "சாப்பிட்டியாடா?"

"ம்... சாப்பிட்டேம்மா."