ஓய்விலும் ஓடும் மோட்டார்

ஓரகடம்
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா கொடுத்துவிட்ட நார்த்தங்காய் ஊறுகாய் வந்து சேர்ந்தது. 150 டன் பிளாஸ்டிக் இன்ஜெக்ஷன் மோல்டிங் மெஷின் ஒன்று மலிவாக வருகிறது, வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கப்போகிறேன் என்று நேற்று போனில் சொன்னீர்கள். ஷிப்ட் மாறும் நேரம், சரியாகப் பேச முடியவில்லை. மனசு கேட்காமல் இதை எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்திருப்பது பழைய ஹைட்ராலிக் மெஷின். சுவிட்சைப் போட்டதிலிருந்து அணைக்கும்வரை அதன் பம்ப் மோட்டார் ஒரே வேகத்தில் சுற்றும். நம் டிரம் மூடிக்கு ஒரு ஷாட் 40 வினாடி. டையை மூடுவது, மெட்டீரியலைச் செலுத்துவது, அழுத்திப் பிடிப்பது, திறந்து தள்ளுவது எல்லாம் சேர்ந்து 15 வினாடிதான். மீதி 25 வினாடியும் மூடி ஆறுவதற்காகக் காத்திருக்கிறோம். அதற்குள் ஸ்க்ரூ சுற்றி அடுத்த ஷாட்டுக்கு மெட்டீரியலை உருக்கிச் சேர்க்க 10 வினாடி போதும். அப்புறம் பம்புக்கு வேலையே கிடையாது. ஆனாலும் சுற்றுகிறது. அது தள்ளும் எண்ணெய் வால்வு வழியாகத் தொட்டிக்கே திரும்பிச் சூடாகிறது. அந்தச் சூட்டைத் தணிக்கக் கூலிங் டவரின் பம்பும் ஃபேனும் ஓடுகின்றன. எண்ணெய் சூடாவதற்கு ஒரு காசு, ஆறுவதற்கு இன்னொரு காசு.

சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு நம் கப்பலூர் ஷெட்டுக்கு வந்ததும், எண்ணெய்த் தொட்டிமேல் டிபன் பாக்ஸை வைத்து வெதுவெதுப்பாக்கிச் சாப்பிடுவேனே, நினைவிருக்கிறதா? அந்தச் சூடு உங்கள் கரண்ட் பில்லிலிருந்து வந்தது என்று கிண்டி சிப்பெட்டில் பிளாஸ்டிக் தொழில்நுட்பம் படிக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஒரு கணக்குப் போடுங்கள். இப்படி வீணாவது சராசரியாக 3 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 20 மணி நேரம், மாதம் 25 நாள் ஓடினால் 1,500 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் மாதம் 12,000, வருடத்துக்கு 1,44,000 ரூபாய். மெஷினை மலிவாக வாங்கி மிச்சம் பிடித்த பணம் எத்தனை வருடம் தாங்கும், நீங்களே சொல்லுங்கள்.

சர்வோ மெஷினில் பம்ப் வேண்டியபோது வேண்டிய வேகத்தில் மட்டும் சுற்றும். வேலை இல்லாதபோது ஏறக்குறைய நின்றுவிடும். ஆறும் நேரம் அதிகமுள்ள நம்முடையதைப் போன்ற வேலையில்தான் இதனால் லாபம் அதிகம். புது மெஷினுக்குப் பணம் புரட்டுவது கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அப்பா. நல்ல நிலையில் இருக்கும் பழைய மெஷினிலேயே மோட்டாரையும் பம்பையும் மாற்றி சர்வோ பொருத்தலாம். அந்தச் செலவையும் மெஷின் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அதற்கும் முன்னால், நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் இரண்டு மெஷினில் செய்யக்கூடியவை சில உண்டு. நாம் போடும் பாலிப்ரொப்பிலீனை உருக்கும் பேரல் 200 டிகிரிக்கு மேல் இருக்கிறது. அந்தச் சூடு ஷெட்டுக்குள் இறங்கி ஆட்களையும் வாட்டுகிறது. பேரல் ஹீட்டர்கள்மேல் வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் உறை போட்டுவிடுங்கள். டையில் தண்ணீர் ஓடும் துளைகளைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். நம் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், அது படியப் படிய மூடி ஆறும் நேரம் நீளும். ஞாயிற்றுக்கிழமை மெஷின்களை நிறுத்திவிட்டுக் கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். எங்கே காற்றுக் கசிந்து கரண்ட் வீணாகிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. ஆறும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. 3 மில்லிமீட்டர் மூடியை 2.5 ஆக்கினால் ஆறும் நேரம் சுமார் 30 சதவீதம் குறையும், மெட்டீரியலும் மிச்சம். டையை மாற்றவேண்டி வரும். மூடியின் வலு குறையாமல் பார்க்கவும் வேண்டும். வாங்குகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

இத்தனைக்கும் அடிப்படை அளந்து பார்ப்பதுதான். இப்போது மொத்த ஷெட்டுக்கும் ஒரே பில் வருகிறது. எந்த மெஷின் எவ்வளவு இழுக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு மெஷினுக்கும் தனி மீட்டர் வையுங்கள். ஷிப்ட் முடிந்ததும் ஓடிய யூனிட்டையும் இறங்கிய மாலின் எடையையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கிலோவுக்கு எத்தனை யூனிட் என்ற அந்த ஒரு எண் கையில் இருந்தால் எந்த வியாபாரியும் உங்களை ஏமாற்ற முடியாது.

மெட்டீரியல் விலை நம் கையில் இல்லை, மூடிக்குக் கிடைக்கும் விலையும் நம் கையில் இல்லை. கரண்ட் செலவு மட்டும் ஓரளவுக்கு நம் கையில் இருக்கிறது. முப்பது வருடம் நின்று உழைத்த உங்கள் காசு எண்ணெய்ச் சூடாகப் போகவேண்டாம் அப்பா. சனிக்கிழமை இரவு பஸ்ஸில் கிளம்பி வருகிறேன். ஞாயிறன்று இருவரும் போய் மீட்டர் வைத்து அந்த மெஷினை ஓட்டிப் பார்ப்போம். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்