அக்கா வீட்டு இரைச்சல்

2019 டிசம்பர் பள்ளி விடுமுறையில், ஜொகூரில் எங்கள் எஸ்டேட்டிலிருந்து நானும் அம்மாவும் செம்பவாங்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். அடுக்குமாடி வீடு. ஜன்னலைத் திறந்தால், பழைய அட்மிரல்டி மாளிகை நிற்கும் குன்றைச் சுற்றிப் "புக்கிட் கென்பரா" வளாகம் எழும்பிக்கொண்டிருந்தது. நீச்சல் குளம், உணவங்காடி, மருந்தகம் எல்லாம் வரப்போகின்றன என்றாள் அக்கா. எங்களுக்கு அன்று வந்தது இரைச்சல்தான்.

காலையில் தொடங்கினால் மாலை வரை ஓயாது. "வீட்டுக்குள்ளேயே கத்திக் கத்தித்தான் குடும்பம் நடத்துறோம்" என்று அக்கா அலுத்துக்கொண்டாள். ஞாயிறு மட்டும் அமைதி. குடியிருப்புக்கு 150 மீட்டருக்குள் இருக்கும் புதிய வேலைத்தளங்களில் சனி இரவு 10 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை வேலை செய்யக்கூடாது என்பது அங்கே 2011 முதல் சட்டம்.

அந்த ஞாயிறு தேக்காவுக்குப் போனோம். வீரமாகாளியம்மன் கோயிலருகே புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் பேச்சுக் கொடுத்தார். வேறொரு கட்டட வேலையில் கான்கிரீட் உடைக்கும் இயந்திரம் பிடிப்பவராம்.

"வேலை முடிஞ்சாலும் காதுக்குள்ள இரையுதுக்கா. ஊர்லேருந்து அம்மா போன்ல பேசினா சரியாக் கேக்க மாட்டேங்குது. சத்தமாப் பேசும்மான்னு சொன்னா, கோவப்படுறேன்னு நெனச்சு அழுவுது."

"காதடைப்பான் கொடுக்கலையா தம்பி?"

"குடுக்கிறாங்க. போட்டா பக்கத்துல கூப்பிடுறது கேக்காது. கழட்டி வச்சிடுவேன்."

அம்மா ஒன்றும் பேசவில்லை. திரும்பும் ரயிலில்தான் வாய் திறந்தாள்: "உங்கப்பாவை, செவிட்டு மனுஷன்னு எத்தனை தடவை ஏசியிருப்பேன்!"

அப்பா 20 ஆண்டுகளுக்கு மேல் செம்பனை ஆலையில் இயந்திரங்களுக்கு நடுவே நின்றவர். நான் ஆறாம் வகுப்பில் முதலாவதாக வந்ததை அவர் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னேன். அவர் திரும்பவேயில்லை. அக்கறையில்லாதவர் என்று பல வருடம் மனத்தில் வைத்திருந்தேன். உண்மை விளங்கிய அன்று அவர் உயிரோடு இல்லை.

நம் ஆலைகளிலும் தறிப்பு இயந்திரங்களிலும் வேலை செய்யும் அன்பர்களே, இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்தச் சத்தம் காதுக்குக் கேடு. உட்காதில் இருக்கும் நுண்ணிய உணர்வணுக்கள் ஒருமுறை கெட்டால் மீண்டும் முளைக்கா. 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபல்தான் எல்லை என்று மலேசியாவில் 2019-இல் நடப்புக்கு வந்த விதிமுறை சொல்கிறது. இரைச்சலால் காது கேளாமல் போவது சொக்சோ சட்டத்தில் தொழில் நோயாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே காதடைப்பானைக் கழற்றாதீர்கள். காதில் இரைச்சல் கண்டால் உடனே பரிசோதனை செய்யுங்கள்.

அக்கா வீட்டெதிரே உணவங்காடி 2022 இறுதியில் திறந்தது. இப்போது அங்கே உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போதெல்லாம், இது போன்ற கட்டடங்களை எழுப்பிய தம்பிமார்களின் காதுகளை நினைத்துக்கொள்வேன்.

உங்கள் வீட்டிலும் கூப்பிட்டுத் திரும்பாத பெரியவர் இருக்கலாம். ஏசாதீர்கள். எதிரே போய் நின்று, முகம் பார்த்துச் சொல்லுங்கள். நான் சொல்லத் தவறியது அதுதான்.