ஆறு மணிக்கு மேல் திறக்கும் கதவு

டப்ளினில் கிராண்ட் கனால் டாக் ரயில் நிலையத்தில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் தண்ணீர் வந்துவிடும். 1796-ல் திறந்த கப்பல் துறை அது. பக்கத்திலேயே ஒரு காலத்தில் எரிவாயு ஆலை இருந்ததாம். இப்போது சுற்றிலும் கண்ணாடிக் கட்டிடங்கள். ‘சிலிக்கான் டாக்ஸ்’ என்று செல்லப்பெயரே வைத்துவிட்டார்கள். ஊரிலிருந்து யார் வந்தாலும் இங்கேதான் கூட்டிவருவேன். "உள்ளே போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்பார்கள். முடியாது, பேட்ஜ் இருந்தால்தான் கதவு திறக்கும்.

நான் வந்த முதல் டிசம்பரில் நாலேகாலுக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். வேலை, வீடு, போனில் அம்மா. அவ்வளவுதான் வாழ்க்கை. "அங்க யாரும் பழக்கமாகலையாப்பா?" என்று அம்மா தினமும் கேட்பாங்க. நானும் தினமும் பேச்சை மாற்றுவேன்.

ஒருநாள் கூட வேலை செய்யும் நண்பர் பக்கத்துக் கம்பெனியில் நடந்த பைத்தான் கூட்டத்துக்கு இழுத்துப் போனார். சட்டையில் பெயர் எழுதி ஒட்டிய ஸ்டிக்கர், ஆறிப்போன பீட்சா, இருபது நிமிடப் பேச்சு. பேச்சில் என்ன கேட்டேன் என்பது மறந்துபோச்சு. முடிந்த பிறகு நாற்காலிகளை அடுக்கும்போது மூணு பேரோடு பேசினேன், அது மறக்கவில்லை. அவர்களில் ஒருவர்தான் பிறகு எனக்கு வீடு பார்த்துக் கொடுத்தார்.

அந்தக் கம்பெனி இதைச் சும்மா செய்யவில்லை. நல்ல ஆட்களை வேலைக்கு எடுக்க இதுவும் ஒரு வழி. அதில் தப்பும் இல்லை. ஆனால் சிக்கன காலம் வந்ததும் முதலில் போனது அந்த அறைதான். கூட்டத்தை நடத்திய பெண்ணுக்கும் வேலை போனது. ஒரே ஒருவரின் பேட்ஜை நம்பி இத்தனை பேர் கூடியிருந்தோம் என்பது அப்போதுதான் புரிந்தது.

போன வருஷம் எங்க ஆபீஸில் நானே கேட்டேன். மூணு நிபந்தனை போட்டார்கள். வருபவர்களின் பெயர்ப் பட்டியல் முதல்நாளே வேண்டும். ஒரே மாடி, ஒரே அறை. கடைசி ஆள் வெளியே போகும்வரை நான் இருக்க வேண்டும். சரி என்றேன்.

முதல் செவ்வாய்க்கிழமை பதினொரு பேர் வந்தார்கள். வாசலில் பட்டியலைச் சரிபார்த்த காவலாளி இந்தத் துறைமுகப் பகுதியிலேயே பிறந்தவர். அவருடைய தாத்தா கப்பலில் சரக்கு இறக்கும் தொழிலாளி. அன்றன்றைக்குத்தான் வேலைக்கு ஆள் எடுப்பார்கள். காலையில் கூட்டத்தோடு நின்று, தன் பெயரைக் கூப்பிடுவார்களா என்று காத்திருப்பாராம். "நீங்க எல்லாரோட பெயரையும் கூப்பிடுறீங்க, நல்லா இருக்கு" என்று சிரித்தார். அன்றிலிருந்து பீட்சாவில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

குழந்தைகள் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 2011-ல் இதே அயர்லாந்தின் கார்க் நகரில் தொடங்கிய கோடர்டோஜோ. 7 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் இலவசமாகக் கணினி நிரல் சொல்லித்தருகிறார்கள். நூலகம், பள்ளி, கம்பெனி அலுவலகம் என்று இடம் கிடைக்கிற இடத்தில் நடக்கும். சின்னப் பிள்ளைகளோடு பெற்றோரும் இருக்க வேண்டும். பசங்க கோடு எழுதுவார்கள், நமக்குப் பேச்சுத்துணை கிடைக்கும்.

இப்போது எங்கள் கூட்டத்தில் இன்னும் இரண்டு கம்பெனிக்காரர்கள் சேர்ந்திருக்கிறார்கள். மாதம் ஒரு இடம் என்று சுற்றில் விடுகிறோம். ஒரு கதவு மூடினாலும் கூட்டம் நிற்கக் கூடாது அல்லவா?

உங்க ஆபீஸிலும் ஆறு மணிக்கு மேல் ஒரு அறை காலியாகத்தான் கிடக்கும். ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அம்மா இப்போ கேட்கும் கேள்வியே வேற: "இந்த செவ்வாய்க்கிழமை எத்தனை பேர்ப்பா வந்தாங்க?"