மனுவும் அடுப்பும்

பிள்ளைகளுக்காக ஆள்வோரிடம் பேசச் செல்லும் நம்மில் பலர் கண்ணீரைச் சுமந்து செல்கிறோம், கணக்கைக் கொண்டுசெல்வதில்லை. சிவகாசியின் வரலாறு இதை எண்ணிப் பார்க்கத் தூண்டுகிறது.

விடியுமுன் ஊர் ஊராய் வந்து சிறுவர் சிறுமியரை ஏற்றிச்சென்ற ஆலைப் பேருந்துகளை அவ்வட்டாரத்துப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. வழக்கறிஞர் எம். சி. மேத்தா உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1990-இல் வந்த தீர்ப்பு, உற்பத்தி நடக்கும் இடத்திலிருந்து பிள்ளைகளை விலக்கியது. தனியிடத்தில் பெட்டிகளில் அடைக்கும் வேலையை மட்டும் அனுமதித்தது. பெரியவர் கூலியில் 60 விழுக்காடேனும் தரவேண்டும், 50,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்யவேண்டும் என்றது. நல்லெண்ணம்தான், ஆனால் பிள்ளை வேலையிலேயே இருந்தது.

1996 டிசம்பர் 10-ஆம் நாள் தீர்ப்பு வேறு வகையானது. "இவன் கூலி நின்றால் அடுப்பு எப்படி எரியும்?" என்று தாய் கேட்பாள் அல்லவா? அக்கேள்விக்கு அது விடை தேடியது. வேலைக்கு வைத்த முதலாளி பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்டவேண்டும். குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழிசெய்யவேண்டும். இயலாவிடில் அரசு 5,000 ரூபாய் சேர்க்கவேண்டும். பிள்ளை பள்ளி செல்லும்வரை அப்பணத்தின் வருவாய் குடும்பத்துக்கு. ஆறு மாதத்தில் கணக்கெடுப்பு முடியவேண்டும். அந்த வட்டி கூலிக்கு ஈடாகுமா? ஆகாதுதான். ஆயினும் யார், எவ்வளவு, எப்போது என்பது எழுத்தில் வந்தது.

இன்று வேறொரு துயரம் முன்னிற்கிறது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் நேர்ந்த வெடிவிபத்துகளில் தாயை, தந்தையை இழந்த பிள்ளைகளின் நிலை என்ன? இழப்பீடு கடனுக்கும் மருத்துவத்துக்கும் கரைந்தபின் படிப்பு நிற்பது நாம் அறியாததன்று. 2024 நவம்பரில் விருதுநகர் வந்த முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், இத்தகைய பிள்ளைகளின் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்றும், ஆட்சியர் பொறுப்பில் தனி நிதியமும் முதற்கட்டமாக 5 கோடி ரூபாயும் ஒதுக்கப்படும் என்றும் அறிவித்தார்.

அறிவிப்பு குடிசைக்குத் தானே நடந்து வராது. திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் குறைதீர்க்கும் நாளில், "ஏழைப் பிள்ளைகளைக் காக்க" என்று பொதுவாக எழுதிய மனு கோப்பில் உறங்கும். இன்ன பிள்ளை, இன்ன வகுப்பு, இறந்தவர் இன்னார், விடுதிக்கும் கல்லூரிக்கும் இவ்வளவு தேவை என்று ஒரே தாளில் எழுதி, இறப்புச் சான்றிதழையும் இணைத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கவேண்டும். பதில் வராவிடில் அதே எண்ணைக் குறிப்பிட்டு மறுபடியும் செல்லவேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறந்துவிடும்.