அக்காளின் அடிவயிறு

மார்பை எடுத்துவிட்டாலும் அடிவயிற்றுச் சதையைக் கொண்டு புதிதாக அமைத்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னால், "நல்லதுதானே, தொப்பையும் குறையும்" என்று சிரிக்கும் பெண்கள் உண்டு. பால்மரம் வெட்டி மூன்று பிள்ளைகளை வளர்த்த என் அக்காளும் அப்படித்தான் சிரித்தாள்.

இதை 1982இல் விளக்கி எழுதியவர் ஹார்ட்ராம்ப் என்ற அமெரிக்க மருத்துவர். தோலையும் கொழுப்பையும், அவற்றுக்கு இரத்தம் தரும் வயிற்றுத் தசையோடு சேர்த்து மார்புக்குக் கொண்டுபோவது அவர் முறை. தசையை விட்டுவைத்து, இரத்தக் குழாய்களை மட்டும் பிரித்தெடுத்து மார்பில் இணைக்கும் முறை 1990களில் பரவியது. அக்காளுக்குச் செய்தது பழைய முறை.

முதல் இரவு தாதி மணிக்கொரு தரம் வந்து புதுச் சதையைத் தொட்டுப் பார்த்தார். வெளிறிக் குளிர்ந்தால் இரத்தம் உள்ளே போகவில்லை. கருநீலமானால் போன இரத்தம் திரும்பவில்லை. உடனே கவனிக்காவிட்டால் சதை செத்துவிடும். நல்லவேளை, அது நேரவில்லை.

மூன்றாம் மாதம் புது மார்பில் கோலிக்குண்டுபோல ஒரு கட்டி. வீடே அழுதது. சோதித்ததில், இரத்தம் எட்டாத கொழுப்பு இறுகியிருந்தது, புற்று அன்று. ஆனால் சோதிக்காமல் அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள், சகோதரிகளே!

அந்த இடத்தில் உணர்ச்சியும் குறைவு. ஒத்தடம் கொடுத்தால் சூடு தெரியாமலே தோல் வெந்துபோகும். அம்மாவைத் தடுத்ததற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

நான் எழுத உட்கார்ந்தது வயிற்றைப் பற்றித்தான். தசை எடுத்த இடம் தளர்ந்து புடைக்கலாம், குடலும் இறங்கலாம். வலை வைத்துத் தைத்தாலும் சிலருக்கு வருகிறது. தசையை விட்டுவைக்கும் முறையில் இது குறைவு. அறவே இல்லை என்று சொல்ல முடியாது. அக்காளுக்கு நான்காம் மாதம் ஒரு பக்கம் புடைத்தது. குடல் இறங்கவில்லை என்றார்கள். ஆனாலும் பால் வாளியைத் தூக்க முடியவில்லை. இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு நாற்றுப் பண்ணையில் பைக்கு மண் நிரப்புகிறாள், சம்பளம் குறைவு. வருத்தமா என்று கேட்டேன். "ரவிக்கை போடும்போது இல்லை" என்றாள்.

நீங்கள் வாளி தூக்குகிறவரா, செம்பனை உதிரிப்பழம் பொறுக்குகிறவரா என்பது மருத்துவருக்குத் தெரியாது. கையெழுத்துக்கு முன்னால் அதைச் சொல்லுங்கள். தசையை எடுப்பீர்களா, விடுவீர்களா, எத்தனை வாரம் பாரம் தூக்கக்கூடாது என்று கேளுங்கள். நீரிழிவு, புகைப்பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். இரண்டும் புண்ணை ஆறவிடா. கூட ஒருவரை அழைத்துப் போங்கள், பதிலைத் தாளில் எழுதிக்கொள்ள.